இல்லாத குளத்தைப் பற்றிய நாற்பது பாடங்கள்

சாரை நகரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மூளையிலெல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே வடிவத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்த வாரத்தில்தான் தக்காளியும் தட்டுப்பாடாகிப் போனது என்பதால், ஊர் முதல் இரண்டு நாள் தக்காளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

மறதி நோய் மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று படம் பிடித்துப் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வுக் குழு, பேருந்து நிலையத்து நான்காம் நடைமேடையை ஒட்டி லாரி நீளத்துக்கு ஒரு ஸ்கேன் வண்டியை நிறுத்தி, பதினெட்டு நாளில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேரைக் குழாய்க்குள் படுக்க வைத்து எடுத்திருந்தது. மாவு மில்லுக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஓர் எவர்சில்வர் தம்ளரும் தந்தார்கள். தம்ளருக்காக இரண்டாம் முறை வரிசையில் நின்றவர்கள் ஒன்பது பேர், அவர்கள் மூளையில் இரண்டாம் முறையும் அதே ஓட்டை இருந்தது. காதுக்கு உள்பக்கம், நினைவுகள் தங்குகிற இடம் என்று மருத்துவர்கள் சொல்லும் பகுதியில், புளியங்கொட்டை அளவில், மேற்கே முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் எருமையின் வடிவத்தில் அது இருந்தது.

குழுவின் தலைவி டாக்டர் ரெஜினா முதலில் கருவியில் தூசி என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தார். செங்கல்பட்டுக்காரரான தன் டிரைவரைப் படுக்கவைத்து எடுத்தார். அவருக்கு ஓட்டை இல்லை. தானே படுத்துப் பார்த்தார், தனக்கும் இல்லை. சராசரியைத் தவிர வேறொன்றையும் நம்பாத படிப்பாளி அவர். ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு பேருக்கு இருப்பது நோயாக இருக்க முடியாது, ஊரில் ஓட்டை இல்லாத அந்த இரண்டு பேருக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஒரு மத்தியானத்துக்குள் முடிவுக்கு வந்து, இந்த ஊரைப் பொறுத்தவரை ஓட்டையே ஆரோக்கியம் என்று அறிக்கை எழுதினார்.

தக்காளி வரத்து சீரானதும் ஊர் ஓட்டைக்குத் திரும்பியது. ஸ்டூடியோக்காரர் ஸ்கேன் படத்தை லேமினேஷன் செய்து தொங்கவிட ஆணியும் இலவசம் என்று போர்டு வைத்தார்; பூசாரி படங்களை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக்கொடுத்தார்; எதிர்க்கட்சி வட்டச் செயலாளர் தன்னுடைய ஓட்டை சேர்மனுடையதைவிட ஒரு நூல் பெரியது என்று போஸ்டர் அடித்தார்; கல்யாணத் தரகர்கள் பையனின் தாத்தாவுக்கு ஓட்டை உண்டா என்று முதல் கேள்வியாகவே கேட்கத் தொடங்கினார்கள்; அறுபது வயதாகாதவர்கள் தங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்து நகராட்சி வாசலில் குடையோடு உட்கார்ந்தார்கள்; சந்தையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் ‘ஓட்டையில்லாத பயலே’ என்பதுதான் கடைசி வார்த்தையாக இருந்தது, அதற்குப் பிறகு கைகலப்பு. நகராட்சி ‘மூளை நலச் சான்று’ என்று ஒரு பச்சைத் தாள் அச்சடித்து, பென்ஷனுக்கும் சாட்சி சொல்வதற்கும் அது கட்டாயம் என்று தீர்மானம் போட்டது.

தீர்மானம் போட்டவர் சேர்மன் தவசிமுத்து. கிழக்கே நாலு மைலில் இருக்கும் கீழப்பாட்டத்து விவசாயிகள், இந்த ஊரில் ஒரு குளம் இருந்தது, அதன் தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைந்தது, இப்போது குளத்தைக் காணவில்லை என்று பதினோரு வருடமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். குளத்தைப் பார்த்த ஒரு சித்த சுவாதீனமுள்ள உள்ளூர்க்காரரைக் கூட்டிவாருங்கள் என்று கோர்ட் சொல்லியிருந்தது. ஊரிலோ குளத்தை நினைவு வைத்திருந்தவர்கள் அந்த ஓட்டையில்லாத இரண்டு பேர்தான். அவர்களுக்குச் சித்தம் சரியில்லை என்று இப்போது அறிவியலே சொல்லிவிட்டது. சேர்மன் பொய் சொல்கிறார் என்று கீழப்பாட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அது அநியாயம். அவர் மூளையிலும் ஓட்டை இருந்தது. ஊரின் பழைய பெயர் சாரைக்குளம் என்பதும், அதைச் சாரை நகர் என்று மாற்றியது அவருடைய அப்பா என்பதும், வெறும் பாம்பின் பெயரை ஊருக்கு யார் வைப்பார்கள் என்பதும் அவர் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. பேருந்து நிலையத்தைத் தாண்டி அவர் மனை போட்ட ‘லேக் வியூ நகர்’ எந்த லேக்கை வியூ பண்ணுகிறது என்று மனை வாங்கிய முந்நூறு குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்காமல் எங்கோ உறிஞ்சிக்கொண்டு போவதைப் பாராட்டி நகராட்சிக்கு ஒரு கேடயமே கிடைத்திருந்தது. நான்காம் நடைமேடைக்குப் பின்னால் கழிப்பறைச் சுவரோரம் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு முளைத்து நின்ற, தலையில் சக்கரம் வைத்த இரும்புத் தண்டு எதற்கு என்று தெரியாததால், அதில் சேர்மனுடைய கட்சிக் கொடியைக் கட்டியிருந்தார்கள்.

அந்தத் தண்டுக்கு ஒருவர் தினமும் எண்ணெய் போட்டார்.

அவர் சிவனணைந்தான், எழுபத்தாறு வயது, பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது குளத்து மடையைத் திறக்கவும் அடைக்கவும் சர்க்கார் வைத்திருந்த ஆள். மூன்று வருடமாக அவருக்கு ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தது. மகன் பெயர் போனது, சாப்பிட்டோமா என்பது போனது, சட்டைப் பித்தான் போடும் விதம் போனது, மனைவியின் பெயர் ஆவுடையம்மாள் என்பதும் போனது. போகாதது ஒன்றுதான். காலை ஆறு மணிக்குத் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியும் தேங்காயெண்ணெய்க் குப்பியுமாகப் புறப்பட்டு, பேருந்து நிலையத்து சிமென்ட் தரையில் இல்லாத படிகளை எண்ணி முழங்காலை மடக்கி மடக்கி இறங்கி, நான்காம் நடைமேடையில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு, எழுந்துபோய் அந்தத் தண்டின் மரையில் எண்ணெய் தடவிவிட்டு வருவார். ஏழரைக்கு ஆவுடையம்மாள் வந்து கூட்டிப் போவாள்.

“என்னக்கா, அண்ணாச்சி முங்கி எந்திரிச்சிட்டாவளா?” என்று டீக்கடை பிச்சுமணி தினமும் கேட்பார்.

“இன்னும் தல தொவட்டல. நீ ஒன் டீயில முங்காம இரி,” என்பாள் அவள்.

அவள் பக்கத்தில் போய் நின்றதும் சிவனணைந்தான் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, “எருமைய வஞ்சுக்கிட்டிருந்த புள்ளதான நீ? நாலாம் படியில?” என்று கேட்பார். அது ஒன்றுதான் அவளைப் பற்றி அவரிடம் மிச்சமிருந்தது. ஆவுடைக்கோ எருமையும் தெரியாது, படியும் தெரியாது. மாமா வீட்டில் வாழைப்பழத் தட்டோடு வந்து நின்ற தன்னை அவர் பெண் பார்க்க வந்தார் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கல்யாணக் கதை. முதல் ஆறு மாதம் அவள் தூங்கவில்லை. “எவ அவ எருமக்காரி? எந்தத் தெரு?” என்று அவரைக் குடைந்தாள். பிறகு, யாராக இருந்தால் என்ன, அவளுடைய இடத்தில்தானே இப்போது என்னை வைத்திருக்கிறார், அந்த இடமும் போனால் நான் எங்கே நிற்பது என்று யோசித்து, “ஆமா, நான்தான். எந்திரிங்க,” என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஓட்டையில்லாத இரண்டு பேரில் முதலாவதாகப் பிடிபட்டவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஞானமுத்து. அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய், அந்த இடத்தில் ஓட்டை விழுவதற்கான ஊசியை மூன்று தவணையாகப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். படம் பிரமாதமாக வந்தது. ஓட்டையின் விளிம்பு அச்சில் வார்த்த மாதிரி இருந்ததாக டாக்டர் ரெஜினாவே சொன்னார். ஞானமுத்துவின் வீடு குளக்கரைத் தெருவில் இருந்தது. தன் வீட்டு வாசலில் நின்று அவர் விலாசம் விசாரித்தார். அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுபோய்த்தான் புஷ்பத்தைப் பார்த்திருந்தார், கட்டியிருந்தார். ஊசியோடு புஷ்பமும் போய்விட்டாள். அவள் இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள், அவர் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுக் குடிக்கிறார்.

இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் வீட்டுக்கு இரண்டு படங்களும் இரண்டு தாள்களும் வந்தன. சிவனணைந்தானுக்குப் பச்சைத் தாள்: மூளை நலம் சராசரி. ஆவுடையம்மாளுக்கு மஞ்சள் தாள்: ஓட்டை காணப்படவில்லை, சிகிச்சை தேவை.

நடந்தது இதுதான். முகாமில் ஆட்களைப் பெயரால் பதியாமல் ரேஷன் கார்டு எண்ணால் பதிந்தார்கள். குடும்பத் தலைவர் ஒன்று, அடுத்தவர் இரண்டு. சில வருடங்களுக்கு முன் பெண்களுக்கான ஒரு திட்டத்துக்காக ஊரிலுள்ள புருஷன்மார் எல்லோரும் ஒரே வாரத்தில் வரிசையில் நின்று தலைவர் பதவியை மனைவிக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கார்டில் மாறியது, வீட்டில் மாறவில்லை. ஸ்கேன் வண்டிக்கு ‘தலைவர் முதலில் வாங்க’ என்று கூப்பிட்டபோது எல்லா வீட்டிலும் புருஷன்தான் முதலில் எழுந்து போனான். அதனால், மனைவிக்கு அறுபதாகாமல் தனியாக வந்த ஞானமுத்துவைப் போன்றவர்களைத் தவிர, ஊரில் அத்தனை தம்பதிகளுடைய மூளையும் மாறித்தான் போயிருந்தது. எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டை என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை; ஆவுடையம்மாளுக்கு மட்டும் இரண்டு தாளையும் பார்த்ததுமே புரிந்தது.

சிவனணைந்தான் இரண்டு படங்களையும் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்த படத்தில் விரலை வைத்தார்.

“நம்ம கொளம்லா இது. வடகரை கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு. தண்ணி எங்கட்டி? யாரு வத்த விட்டது?”

“அது என் மண்டைங்க.”

“அதான் வத்திக் கெடக்கு.” மற்றப் படத்தை எடுத்தார். “இதுல பாரு, நெறஞ்சு கெடக்கு. ரெண்டு நாள்ல கரைய முட்டிரும்.”

மகன் கைலாசம் சாயங்காலம் வந்தான். பேருந்து நிலையத்தில் செல்போன் கடையும் லேக் வியூ நகரில் மாடி வீடும் உள்ளவன். மஞ்சள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒனக்காம்மா? அப்பாவுக்குன்னா ஊரே நம்பும். சீட்டு மாறியிருக்கு. நான் போயி டாக்டரம்மாட்டச் சொல்லுதேன்.”

“சொன்னா?”

“இப்பப் புதுசா வகுப்பு வந்திருக்கு, அப்பாவுக்கு நாப்பது நாள். அதுல சரியாகலன்னா ஊசி.”

“தபால்காரருக்குப் போட்ட ஊசியா?”

கைலாசம் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரு. அவுகளுக்கு நாலு வருசம் வகுப்பு எடுத்தாலும் கொளம் போகாது, ஊசிதான். எனக்குன்னா மறக்கதுக்கு என்ன இருக்கு? நாப்பது நாள் போயி உக்காந்து எந்திரிச்சா பச்சச் சீட்டு.”

“பச்சச் சீட்ட வச்சுக்கிட்டு அப்பா கோர்ட்ல போயி கொளம் இருந்துச்சுன்னு சொல்லிட்டா? கேஸு போட்டவங்க கணக்குல எங்க பெட்ரூம் அதுக்குள்ளதாம்மா வருது.”

“நீச்சல் படிச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் அரிசி களையப் போனாள்.

மறுநாள் பிச்சுமணி அவளைப் பார்த்து, “என்னக்கா, ஒங்களுக்குத்தானாமே. நான் அப்பமே நெனச்சேன், கொஞ்ச நாளா ஒங்க பேச்சே சரியில்ல,” என்றார். படி இல்லாத இடத்தில் படி இறங்கிக்கொண்டிருந்த சிவனணைந்தானைக் காட்டி, “அண்ணாச்சி நல்லா கிண்ணுன்னு இருக்காவ,” என்று சேர்த்துக்கொண்டார். ஊரில் தாளைப் பார்த்தவர்கள் பிறகு ஆளைப் பார்ப்பதில்லை.

‘நினைவுச் சீராக்க வகுப்பு’ நான்காம் நடைமேடைக்கு மேலே நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் தொடங்கியது. மாணவி ஒருத்தி. ஆசிரியர் நல்லபெருமாள் சார், நாற்பது வருடம் பூகோளம் நடத்தியவர், பாடத்திட்டம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். குளம் கிடையாது என்று மொட்டையாகச் சொன்னால் மாணவி மனதில் நிற்காது, என்னென்ன கிடையாது என்று அயிட்டம் அயிட்டமாகத் தந்தால்தான் நடத்த முடியும் என்று அவர் சேர்மனுக்கு எழுதிக் கேட்டார். நியாயமான கோரிக்கை என்று பட்டதால் சேர்மன் தன் பீரோவைத் திறந்து, அப்பா காலத்திலிருந்து எதற்கென்று தெரியாமலே பூட்டிவைத்திருந்த தடித்த காலிகோ பைண்டிங் பதிவேட்டை எடுத்து, “இதுல உள்ளது ஒண்ணுமே கிடையாது, வரி விடாம நடத்திருங்க,” என்று கொடுத்தார். அது பொதுப்பணித் துறையின் சாரைக்குளத்துப் பதிவேடு. சார் அதை நாற்பதால் வகுத்து, நாளுக்கு இத்தனை பக்கம் என்று அடையாளம் வைத்துக்கொண்டார்.

இந்த ஊரில் மைக் செட் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. காதுகுத்துக்கும் மைக் செட், கருமாதிக்கும் மைக் செட், தொலைந்த ஆட்டுக்கும் மைக் செட். ஒரே ஒரு மாணவி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தபோதும் சார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த குழாய் ஒலிபெருக்கிகள் பாடத்தைப் பேருந்து நிலையம் முழுக்கக் கொட்டின.

“சாரைக்குளம் என்று ஒரு குளம் கிடையாது.”

“கெடையாது சார்.”

“அதன் பரப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் கிடையாது.”

“கெடையாது சார். சார், அந்த இல்லாத கொளத்துக்கு மடை எந்தப் பக்கம் இல்ல?”

“நல்ல கேள்வி. கீழ்ப் பக்கம் இல்லை. ஒன்பது கண் மடை இல்லை. திருகித் திறக்கும் ஷட்டர் இல்லை. ஷட்டரின் மேல்தண்டு, சக்கரம், இரண்டும் இல்லை.”

கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்த பிச்சுமணி தன்னை அறியாமல், “மூணாம் கண்ணு அடைச்சுல்லா கெடக்கும், கல்லு விழுந்து,” என்றார்.

“எது?” என்று கேட்டார் டீக்கு நின்ற கண்டக்டர்.

“தெரியல. வாயில வந்துச்சு.”

பாடங்கள் நாள்தோறும் நடந்தன. வடகரையில் பனைமரம் நூற்று நாற்பது கிடையாது என்றும், தாமரை கிடையாது, அதைப் பறிக்க இறங்கிச் செத்த கம்பவுண்டர் மகன் கிடையாது, அவனுக்காக மூன்று நாள் ஊர் அடுப்பு மூட்டாமல் இருந்தது கிடையாது என்றும், ஐப்பசியில் கரை உடைப்பெடுத்தபோது ஊரே கைகோத்து மணல் மூட்டை அடுக்கியது கிடையாது, கடைசி இடைவெளிக்கு மூட்டை போதாமல் போனபோது தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்த லஸ்கர் கிடையாது என்றும் சார் கணீரென்று படித்துக்கொண்டே போக, பேருந்துக்கு நின்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டு நின்றார்கள், பூக்காரி கட்டிக்கொண்டிருந்த முழத்தை அளக்க மறந்தாள், இல்லாத அந்த மணல் மூட்டையின் பாரம் தோளில் இறங்கியது போல ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் தோளைத் தடவிக்கொண்டார்கள். படிக்கட்டுகள் இருபத்திரண்டு கிடையாது என்ற அன்று ஆவுடையம்மாளின் வலது உள்ளங்காலில் ஒரு கல்லின் விரிசல் உறுத்தியது. நாலாம் படி, இடது ஓரம். அவள் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அன்று முதல் அவளுக்குப் பயம் வந்தது. எதுவும் இல்லாதவளாக வகுப்புக்கு வந்தவள் எதையாவது பிடித்துக்கொண்டு வெளியே போனால், ஊசி அவளுக்குத்தான்.

இருபத்து மூன்றாம் நாள் சார் ஒரு பழைய புகாரைப் படித்தார்.

“பக்கம் இருநூற்று ஆறு. ‘மேலத் தெருவைச் சேர்ந்த பெண்ணொருத்தி தடையை மீறி நாலாம் படியில் எருமை குளிப்பாட்டினாள். லஸ்கர் சிவனணைந்தான் கண்டித்தபோது, அவள் எருமையைப் பார்த்து, காக்கிச் சட்டை போட்டுவிட்டால் கொம்பு முளைத்துவிடுமா, வாலைச் சுருட்டிக்கொண்டு மடைமேல் போய் நில் என்று திட்டினாள். மேற்படி எருமைக்குச் சட்டை இல்லை என்பதால், திட்டு தனக்கானது என்று லஸ்கர் கருதுகிறார். நடவடிக்கை: லஸ்கர் பெண் வீட்டாரிடம் நேரில் பேசுவதாகச் சொன்னதால் புகார் முடிக்கப்பட்டது.’ இப்படி ஒரு சம்பவம் கிடையாது.”

கீழே பேருந்து நிலையமே அண்ணாந்து பார்த்தது.

“கிடையாது என்று சொல்லும்மா.”

“கெடையாது சார்,” என்றாள் ஆவுடையம்மாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மைக் செட் இருந்ததால் ஊருக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“நான் எருமைய வையலங்க. ஒங்களத்தான் வஞ்சேன்.”

சிவனணைந்தான் சிரித்தார். “தெரியும்லா. எருமைக்கு எதுக்குட்டி காக்கிச் சட்ட?”

குளத்தைப் பற்றி அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாற்பதாம் நாள் தேர்வு. சேர்மன் நடுவில், டாக்டர் ரெஜினா வலதுபுறம், சார் இடதுபுறம். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கரிலிருந்து கடைசிப் பனைமரம் வரை ஆவுடையம்மாள் ஒரு மூச்சில் ஒப்பித்தாள். எதற்கும் கண்ணைத் தாழ்த்தவில்லை, ஒவ்வொன்றுக்கும் கிடையாது என்று முடித்தாள், புகாருக்கு மட்டும் முகம் கொஞ்சம் சிவந்தது. சார் நூற்றுக்கு நூறு போட்டார். இவ்வளவு தெளிவாக ஒன்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பவரைத் தான் பார்த்ததில்லை என்று சேர்மன் பொன்னாடை போர்த்தினார். டாக்டர் ரெஜினா மட்டும், சான்றிதழுக்கு முன் ஒரு படம், அது விதி என்றார். ஒப்பீட்டுக்காக ஊரையும் இன்னொரு முறை எடுத்துவிடலாம் என்று முடிவானது. தம்ளர் உண்டா என்று ஊர் கேட்டது. உண்டு என்றார்கள்.

ஆவுடையம்மாளின் படத்தில் ஓட்டை தூர்ந்திருந்தது. பிச்சுமணிக்கும் தூர்ந்திருந்தது, பூக்காரிக்கும், பூசாரிக்கும், நல்லபெருமாள் சாருக்கும், பாயில் படுத்தபடி நாற்பது நாள் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஞானமுத்துவுக்கும் தூர்ந்திருந்தது. ஞானமுத்து ஸ்கேன் வண்டியிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போய், புஷ்பம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாய் திறந்தபோது, “ஒனக்கு இன்னைக்குத் தபால் இல்ல,” என்றாராம். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படங்களில் ஓட்டை இருந்தது இரண்டில். சராசரி மாறிவிட்டது என்று டாக்டர் ரெஜினா அமைதியாகச் சொன்னார். முந்தைய அறிக்கையைத் திருத்தி, இந்த ஊரைப் பொறுத்தவரை ஓட்டை இல்லாமையே ஆரோக்கியம் என்று எழுதினார். ஓட்டையுள்ள இரண்டு பேரில் ஒருவர் சேர்மன். எங்கே போனாலும் காரின் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகிறவர் என்பதால் ஒரு பாடமும் அவர் காதில் விழவில்லை, தேர்வில் ஒரு மூச்சில் கேட்டது போதவில்லை. அவர் போட்ட தீர்மானப்படியே அவருக்கு மஞ்சள் தாள் கொடுக்கப்பட்டு, சாட்சி சொல்லவும் கையெழுத்துப் போடவும் தகுதியில்லாதவரானார். ஊரில் ‘ஓட்டப் பயலே’ என்பது கடைசி வார்த்தையானது. ஸ்டூடியோக்காரர் பழைய படங்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டித் தந்தார், ஆணி அதே ஆணி. கீழப்பாட்டத்தார் ஆயிரத்துச் சொச்சம் சாட்சிகளோடு கோர்ட்டுக்குப் போனார்கள். அத்தனை பேரையும் விசாரிக்கத் தோதான மண்டபம் கிடைக்காததால் வழக்கு அடுத்த தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இன்னொரு ஓட்டை சிவனணைந்தானுடையது; அவருக்குப் போகாமல் இருந்த அந்த ஒன்றும் நழுவியிருந்தது.

இந்த முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுத்ததால் தாள் மாறவில்லை. ஆவுடையம்மாள் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வடகரை கோணலாக இல்லை. எல்லாம் அளவாக, வற்றிக் கிடந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் துண்டு கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். சோப்புப் பெட்டியையும் எண்ணெய்க் குப்பியையும் தானே எடுத்துக்கொண்டாள்.

“வாங்க, கொளத்துக்குப் போவோம்.”

“எந்தக் கொளம்?”

“வாங்க, சொல்லுதேன்.”

பேருந்து நிலையத்தில் அவள் முன்னால் இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் முழங்காலை மடக்கி. பிச்சுமணி எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் ஒருவர் படி இருக்கும் இடத்தைப் பார்த்துக் காலை எடுத்து வைத்து ஒதுங்கி வழிவிட்டார். நாலாம் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். விரிசல் இருந்த இடது ஓரத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

“இங்கதான் இருந்தேன். எருமையோட. நீங்க மடைமேல நின்னீங்க.”

“நீ யாரு?”

“எருமைய வஞ்ச புள்ள.”

சேலத்துப் பஸ் ஒன்று அவர்கள் காலை நனைக்கிற தூரத்தில் வந்து நின்று புகை விட்டுவிட்டுப் போனது.

“கொளம்ங்கிற. தண்ணி எங்க?”

“மடையத் தொறந்தது நீங்கதான. அடைக்காம வந்துட்டீங்க.”

சிவனணைந்தானின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, வேலையில் பிழை செய்துவிட்ட சர்க்கார் ஆளின் கவலை மெல்ல ஏறியது. எழுந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, படத்தில் அந்த இடம் புளியங்கொட்டை அளவுக்கு வெறுமையாக இருந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்தவர்கள் தலையை மட்டும்தான் எடுத்தார்கள், கையை எடுக்கவில்லை. கழிப்பறைச் சுவரோரம் போய்த் தண்டின் முன் நின்றார். சேர்மனின் கொடியை அவிழ்த்து, நாலாக மடித்து, அவள் கையில் கொடுத்தார். சக்கரத்தைப் பிடித்து வலதுபுறம் திருகினார். மூன்று வருடம் தினமும் எண்ணெய் குடித்திருந்த மரை முனகாமல் சுழன்றது. முப்பது சுற்றுக்கு மேல் இருக்கும். கடைசிச் சுற்றில் சிமென்ட்டுக்கு அடியில், வெகு ஆழத்தில், கனமான ஏதோ ஒன்று உட்காரும் சத்தம் கேட்டது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மழை பிடித்தது. பேருந்து நிலையத்தில் தண்ணீர் வடியவில்லை.